லாபம் எங்கே போனது? நீதான் சொல்ல வேண்டும்!

"ஒரு பிஸ்கட் கம்பெனி. விற்பனை ஏறுகிறது. லாபம் இறங்குகிறது. என்ன காரணம்? என்ன செய்யலாம்?"

எதிரே இருப்பவர் இவ்வளவுதான் சொல்வார். சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார்.

அந்த நொடியில் தொண்டை வறள்கிறதா? மனப்பாடம் செய்ததெல்லாம் முட்டி மோதிக்கொண்டு வருகிறதா? எழுந்து ஓடிவிடலாம் போல் இருக்கிறதா?

வறளட்டும்! மோதட்டும்! நீ மட்டும் நாற்காலியை விட்டு எழாதே!

கன்சல்டிங் வேலைக்கான கேஸ் இண்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்வி இது. மெக்கின்சி, பிசிஜி, பெய்ன் என்று எந்தக் கதவைத் தட்டினாலும் இது எதிரே வந்து நிற்கும். தெரிந்த கேள்விதான். ஆனாலும் இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஏன்? அறிவு இல்லாமலா? இல்லவே இல்லை. பயம்!

உன் சாக்குகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வெளியே எடு, பார்ப்போம்.

"நான் இன்ஜினியரிங் படித்தவன். காமர்ஸ் தெரியாது." வருவாயிலிருந்து செலவைக் கழித்தால் லாபம். இதற்கு எந்தப் பட்டம் வேண்டும்?

"எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது." இண்டர்வியூ ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் அங்கே அலங்காரப் பேச்சை யார் கேட்டார்கள்? ஐந்து சொல்லில் ஒரு வாக்கியம். அடுத்து இன்னொரு ஐந்து சொல். கேள்வி கேட்பவருக்குத் தெளிவுதான் வேண்டும். தமிழில் யோசித்தால் என்ன குற்றம்? தெளிவாக யோசி, சின்ன வாக்கியமாகச் சொல்!

"பெரிய காலேஜ்காரர்களுக்குத்தான் இது கிடைக்கும்." பெரிய காலேஜில் படித்தால் அழைப்பு எளிதாக வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகு? பேப்பரும் பேனாவும் நீயும்தான். கணக்கு உன் காலேஜ் பெயரைக் கேட்டா விடை தரும்?

இன்னொரு சாக்கு இருக்கிறதா? அதையும் தூக்கி எறி. வேலைக்கு வா.

லாபத்தை உடைப்போம். வருவாய் ஒரு பக்கம், செலவு மறுபக்கம். வருவாய் என்பது விலையை விற்ற எண்ணிக்கையால் பெருக்குவது. செலவில் இரண்டு வகை. விற்றாலும் விற்காவிட்டாலும் வந்து நிற்கும் வாடகை, சம்பளம் ஒரு வகை. ஒவ்வொரு பாக்கெட்டோடும் கூடவே ஏறும் மாவு, சர்க்கரை, காகித உறை இன்னொரு வகை.

ஒரு கழித்தல். ஒரு பெருக்கல். ஒரு கூட்டல். ஐந்தாம் வகுப்பில் முடித்த பாடம்! இதற்கா கை நடுங்குகிறது?

1926இல் சிகாகோவில் மெக்கின்சி நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்சி யார் தெரியுமா? சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். இந்தத் தொழிலே கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்தது. கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறவனுக்கு இங்கே இடமில்லை. பயத்தை விட்டுவிட்டு வருகிறவனுக்கு நிறையவே இருக்கிறது!

இப்போது ஒரு கசப்பான செய்தி. நான் மேலே சொன்ன பிரிவுகளைப் பேப்பரில் மரம் மாதிரி வரைவார்கள். அதை எல்லோரும் வரைகிறார்கள். உனக்கு முன்னால் போனவனும் வரைந்தான். உனக்குப் பின்னால் வரப்போகிறவளும் வரைவாள்.

மரத்தை வரைந்துவிட்டு என்ன செய்கிறாய்? அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறாய்!

"விலையைப் பார்ப்பேன், எண்ணிக்கையைப் பார்ப்பேன், வாடகையைப் பார்ப்பேன்" என்று ஒப்பிக்கிறாய். எதிரே இருப்பவர் ஒப்புவித்தல் போட்டி நடத்தவா வந்தார்? இந்தக் கம்பெனிக்கு என்ன ஆனது என்று உன்னிடம் கேட்கிறார். உன்னிடம்!

ஒப்பிப்பது பயத்தின் வேலை. கேள்வி கேட்பதுதான் துணிவின் வேலை. கேள்!

என்ன கேட்பது? முதலில் எல்லையைக் கேள். லாபம் எவ்வளவு குறைந்தது? எப்போதிலிருந்து? திடீரென்று விழுந்ததா, மெல்ல மெல்லத் தேய்ந்ததா? இந்தக் கம்பெனிக்கு மட்டும்தானா, போட்டிக் கம்பெனிகளுக்கும் இதே கதையா? எவ்வளவு லாபம், எத்தனை வருடத்தில் வேண்டும் என்கிறார்கள்?

கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று தயங்குகிறாயா? கேட்காமல் தப்பான கம்பெனிக்கு வைத்தியம் பார்ப்பதுதான் மட்டம்!

பிறகு ஒரு நிமிடம் அவகாசம் கேள். வெளிப்படையாகக் கேள். தருவார்கள். அந்த அமைதிதான் எல்லோருக்கும் நெஞ்சைப் பிசையும். பிசையட்டும். வாயை மூடிக்கொண்டு யோசி. தாளில் எழுது.

ஒன்றை நினைவில் வை. மெக்கின்சியில் பெரும்பாலும் கேட்பவரே அடுத்தடுத்த கேள்விக்கு உன்னை நகர்த்துவார். பிசிஜியிலும் பெய்னிலும் பெரும்பாலும் நீயேதான் வண்டியை ஓட்ட வேண்டும். எந்த இடமானாலும், எதை எதற்காகக் கேட்கிறாய் என்று சொல்லிவிட்டுக் கேள். காரணம் இல்லாமல் வரிசையாகக் கேள்வி வீசுவது இருட்டில் கல் எறிவது.

வா, அந்த பிஸ்கட் கம்பெனிக்குள் நுழைவோம். பேனாவை எடு. சும்மா படித்துக்கொண்டு போகாதே!

கம்பெனியிடம் இரண்டே சரக்கு. பெரிய பாக்கெட் 10 ரூபாய். ஒன்று விற்றால், அதற்கு ஆன மாவு, சர்க்கரை, உறையெல்லாம் போகக் கையில் 3 ரூபாய் நிற்கும். சின்ன பாக்கெட் 5 ரூபாய். அதில் நிற்பது 50 பைசா. வாடகை, சம்பளம் போன்ற நிலையான செலவு 20 லட்சம்.

போன வருடம் இரண்டிலும் தலா 10 லட்சம் பாக்கெட் விற்றது. வருவாய் 1 கோடியே 50 லட்சம். பெரியதில் நின்றது 30 லட்சம். சின்னதில் நின்றது 5 லட்சம். மொத்தம் 35 லட்சம். நிலையான செலவைக் கழித்தால் லாபம் 15 லட்சம்.

இந்த வருடம் பெரியது 6 லட்சம் விற்றது. சின்னது 20 லட்சம் விற்றது.

போடு கணக்கை! வருவாய் 60 லட்சமும் 1 கோடியும் சேர்ந்து 1 கோடியே 60 லட்சம். ஏறிவிட்டது! பாக்கெட் எண்ணிக்கை 20 லட்சத்திலிருந்து 26 லட்சம். அதுவும் ஏறிவிட்டது!

லாபம்? பெரியதில் 18 லட்சம், சின்னதில் 10 லட்சம். மொத்தம் 28 லட்சம். 20 லட்சம் போக மீதி 8 லட்சம்.

15 லட்சம் எங்கே, 8 லட்சம் எங்கே? ஏறக்குறையப் பாதி காணாமல் போய்விட்டது!

யார் திருடினார்கள்? விலை மாறவில்லை. ஒரு பாக்கெட்டுக்கு ஆகும் செலவு மாறவில்லை. வாடகை ஏறவில்லை. விற்பனை கூடியிருக்கிறது. நீ வரைந்த மரத்தில் ஒவ்வொரு கிளையாகத் தட்டிப் பார்த்தாலும் "இங்கே ஒன்றும் கெட்டுப்போகவில்லை" என்றுதான் பதில் வரும்.

இந்த இடத்தில்தான் பலர் கையைத் தூக்கிவிடுகிறார்கள். நீ தூக்காதே! இன்னும் ஒரு முறை உடை. மொத்தமாகப் பார்க்காதே. எந்தச் சரக்கு, எந்த ஊர், எந்த வாடிக்கையாளர் என்று பிரித்துப் பார்.

பிரித்தால் தெரியும். பெரியதில் 4 லட்சம் பாக்கெட் போனது, அதில் 12 லட்சம் போச்சு. சின்னதில் 10 லட்சம் பாக்கெட் கூடியது, அதில் வந்தது வெறும் 5 லட்சம். வித்தியாசம் 7 லட்சம். காணாமல் போன பணம் அதேதான்!

ஒரு பெரிய பாக்கெட் போன இடத்தை நிரப்ப ஆறு சின்ன பாக்கெட் விற்க வேண்டும். இவர்கள் இரண்டரைதான் விற்றிருக்கிறார்கள்.

உன் தெரு மளிகைக் கடை அண்ணாச்சிக்கு இது புதிதா? எதில் காசு நிற்கும், எது ஆளைக் கடைக்குள் இழுக்க மட்டும் என்று அவருக்கு அத்துப்படி. நீ அந்தக் கடையில் சாமான் வாங்கித்தானே வளர்ந்தாய்? அப்புறம் எப்படி "எனக்கு வியாபாரம் தெரியாது" என்கிறாய்?

ஆனால் நில். இது பாதி வழிதான். எங்கே கசிந்தது என்று கண்டுபிடித்தாய். ஏன் கசிந்தது?

இந்த "ஏன்" வரைக்கும் வருகிறவர்கள் குறைவு. எண் கிடைத்ததும் வெற்றிக் களிப்பில் நின்றுவிடுகிறார்கள். நிற்காதே! வாங்குகிறவர் மாறினாரா? போட்டிக்காரன் 10 ரூபாய்க்குப் புதிதாக எதையாவது இறக்கினானா? கடைக்காரர் அலமாரியில் இடம் மாற்றி வைத்தாரா? விற்பனையாளர்களுக்கு ஊக்கத்தொகை எதை வைத்துத் தருகிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு, "பாக்கெட் எண்ணிக்கையை வைத்து" என்று பதில் வருகிறது என்று வைத்துக்கொள். நெஞ்சு துள்ள வேண்டாமா? எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் விற்பனையாளன் சுலபமாகப் போகும் சின்ன பாக்கெட்டைத்தானே தள்ளுவான்? அவன்மேல் என்ன தப்பு?

இதெல்லாம் இண்டர்வியூவுக்காக ஜோடித்த கணக்கு என்று நினைக்கிறாயா? அமெரிக்காவில் ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கான்டினென்டல் ஏர்லைன்ஸின் கதையைக் கேள்.

1983இல் ஒரு முறை திவால் மனு. 1990இல் மறு முறை. 1994இல் 61 கோடியே 30 லட்சம் டாலர் நஷ்டம். நேரத்துக்குப் போய்ச்சேர்வதில் அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பெனிகளிலேயே கடைசி வரிசை. மூன்றாம் முறையும் மூழ்கப்போகிறது என்று ஊரே பேசியது.

அங்கே செலவைக் குறைக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். எரிபொருளை மிச்சம் பிடிக்கும் விமானிக்கு ஊக்கத்தொகை. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

என்ன நடந்தது? விமானிகள் மெதுவாக ஓட்டினார்கள். ஏ.சி.யைக் குறைத்தார்கள். விமானம் தாமதமானது. பயணிகள் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார்கள். அவர்களை வேறு கம்பெனி விமானத்தில் ஏற்றிவிட வேண்டியிருந்தது. தங்க வைக்க வேண்டியிருந்தது. வெறுத்துப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

எரிபொருள் கணக்கில் சேமிப்பு! வேறு நான்கு கணக்குகளில் ரத்தப்போக்கு!

இந்தக் கம்பெனியைக் கையில் எடுத்தவர்கள் இருவர். ஒருவர் கார்டன் பெத்தூன். இன்னொருவர் கிரெக் பிரென்னமன். இந்தப் பிரென்னமன் எங்கிருந்து வந்தவர் தெரியுமா? பெய்ன் கன்சல்டிங் கம்பெனியிலிருந்து! நீ எந்த நாற்காலிக்காகத் தயாராகிறாயோ அதே மாதிரி நாற்காலியிலிருந்து வந்தவர்.

அவர்கள் மொத்த நஷ்டத்தைப் பார்த்து மலைத்து உட்காரவில்லை. வழித்தடம் வழித்தடமாகப் பிரித்தார்கள். பறக்கப் பறக்கப் பணத்தைத் தின்கிற தடங்களை வெட்டினார்கள்.

தாமதத்துக்கும் ஒரு விலை போட்டார்கள். மாதம் சுமார் 50 லட்சம் டாலர்! அதில் பாதியை ஊழியர்களுக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று கணக்குப் பார்த்தார்கள். சுமார் 40,000 பேர். தலைக்கு சுமார் 65 டாலர். எந்த மாதம் நேரம் தவறாமையில் முதல் ஐந்து இடங்களுக்குள் வருகிறோமோ, அந்த மாதம் எல்லோருக்கும் 65 டாலர் என்று 1995 தொடக்கத்தில் அறிவித்தார்கள்.

அதே விமானங்கள். அதே ஓடுதளங்கள். கடைசியில் கிடந்த கம்பெனி சில மாதங்களில் முன்வரிசைக்கு வந்தது. 1995இல் லாபம் 22 கோடியே 40 லட்சம் டாலர்.

61 கோடி நஷ்டத்திலிருந்து ஒரே வருடத்தில் 22 கோடி லாபம்! இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? ஒரு தொகையை உடைத்தார்கள். ஏன் என்று கேட்டார்கள். 50 லட்சத்தை இரண்டாக வகுத்து, 40,000 பேருக்குப் பங்கு போட்டார்கள். உனக்கு வகுத்தல் தெரியாதா?

உன் மரத்தில் வருவாய் தனிக் கிளை, செலவு தனிக் கிளை. உயிருள்ள கம்பெனியில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. செலவைக் குறைக்கச் சொல்லும் முன், "இதனால் வருவாயில் என்ன உடையும்?" என்று நீயாகவே கேள். எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது கணக்குப் பயத்துக்கு வருகிறேன். கால்குலேட்டர் பெரும்பாலும் கிடையாது. அதனால் என்ன? 48 கோடியில் பன்னிரண்டரை சதவீதம் எவ்வளவு? எட்டில் ஒன்று. 6 கோடி. 350இல் 17 சதவீதம்? பத்து சதவீதம் 35. ஐந்து சதவீதம் 17.5. இரண்டு சதவீதம் 7. கூட்டு, 59.5. தினமும் காலையில் பல் துலக்கும்போது போடு. ஒரு மாதத்தில் விரல் நுனிக்கு வராவிட்டால் என்னிடம் வந்து கேள்!

நம்மூர்ப் பிள்ளைகளை வீழ்த்தும் ஒரு குழி இருக்கிறது. லட்சம், கோடியில் கணக்குப் போட்டுவிட்டு மில்லியன், பில்லியனில் சொல்லப்போய் ஒரு பூஜ்யத்தைத் தொலைப்பது. 10 லட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி 10 மில்லியன். 100 கோடி ஒரு பில்லியன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

அப்படியும் கணக்கு தப்பிவிட்டதா? "இந்த எண் பொருந்தவில்லை, திரும்பப் பார்க்கிறேன்" என்று சொல்லித் திருத்து. தப்பே செய்யாத ஆளை யார் தேடுகிறார்கள்? தப்பைத் தானே பிடிக்கிற ஆளைத்தான் வாடிக்கையாளர் முன்னால் தைரியமாக உட்கார வைக்க முடியும்.

கடைசியில் எதிரே இருப்பவர் தீர்ப்பு கேட்பார். "இப்போது அந்த முதலாளி உள்ளே வருகிறார். என்ன சொல்வாய்?" இங்கேதான் இத்தனை நேரம் நன்றாகச் செய்தவனும் மழுப்புகிறான். இதுவும் இருக்கலாம், அதுவும் இருக்கலாம் என்கிறான்.

ஏன் மழுப்புகிறாய்? உன் கையில் எண் இருக்கிறது! நேராகச் சொல்.

"விற்பனையாளர் ஊக்கத்தொகையைப் பாக்கெட் எண்ணிக்கையிலிருந்து எடுத்து லாபத்தோடு கட்டுங்கள். போன 4 லட்சம் பெரிய பாக்கெட்டில் பாதி திரும்பினால் 6 லட்சம் வரும். சின்னதில் 5 லட்சம் பாக்கெட் குறைந்தால் இரண்டரை லட்சம் போகும். மிச்சம் மூன்றரை லட்சம். இழந்ததில் பாதி மீளும். 5 ரூபாய் வாடிக்கையாளர் போட்டிக் கம்பெனிக்குத் தாவும் ஆபத்து உண்டு. அதனால் முதலில் ஒரு மாவட்டத்தில் செய்து பாருங்கள்."

என்ன செய்வது, ஏன், எவ்வளவு வரும், எது உடையலாம், அடுத்து என்ன. அரை நிமிடம். முடிந்தது!

"எல்லாம் சரி, போன முறை என்னை நிராகரித்துவிட்டார்களே" என்கிறாயா?

நிராகரித்தார்கள். அதற்காக? எந்த இடத்தில் விழுந்தாய் என்று எழுதி வைத்தாயா? கேள்வி புரியாமலா? உடைக்கத் தெரியாமலா? கணக்கிலா? தீர்ப்பிலா? அழுதுவிட்டுத் தூங்கிவிட்டாய், அவ்வளவுதானே? உன் தோல்வியையும் உடைத்துப் பார்! பிஸ்கட் கம்பெனிக்குச் செய்ததை உனக்குச் செய்ய மாட்டாயா?

பயிற்சிக்கு மார்க் கொசென்டினோவின் 'கேஸ் இன் பாயின்ட்' புத்தகம் இருக்கிறது. மெக்கின்சியில் வேலை பார்த்த விக்டர் செங்கின் புத்தகம் இருக்கிறது. ஐஐஎம் மாணவர்கள் தொகுத்த கேஸ்புக்குகள் இருக்கின்றன. படி. ஆனால் நூறு கேஸ் படித்தேன் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. எத்தனை கேஸை வாய்விட்டுப் போட்டாய்? அதைச் சொல்!

கண்ணால் படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். வாயைத் திறந்தால்தான் எங்கே திக்குகிறது என்று தெரியும். எதிரே உட்கார நண்பன் வேண்டும். கிடைக்கவில்லையா? தங்கையை உட்கார வை. அப்பாவை உட்கார வை. அவருக்குப் புரிகிற மாதிரி பிஸ்கட் கம்பெனிக்கு என்ன ஆனது என்று சொல். அவருக்குப் புரிந்தால் எந்தக் கன்சல்டிங் கம்பெனி பார்ட்னருக்கும் புரியும். யாருமே இல்லையா? போனில் பதிவு செய். திரும்பக் கேள். கூசும். கூசினாலும் கடைசி வரை கேள். மறுநாள் மறுபடி செய்.

நாளைக்கு என்று தள்ளாதே. இதோ உன் அடுத்த கேஸ்.

ஒரு நகரத்தில் நான்கு திரைகள் கொண்ட திரையரங்கு. டிக்கெட் விலை மாறவில்லை. வருகிற கூட்டமும் குறையவில்லை. வாடகை, சம்பளம், மின்கட்டணம் எதுவும் ஏறவில்லை. லாபம் மட்டும் பாதியாகிவிட்டது.

ஏன்?

பேப்பரை எடு. ஒரு நிமிடம் யோசி. முதல் கேள்வியை இப்போதே, வாய்விட்டுக் கேள்!